மதவாச்சி முதல் தலைமன்னார் வரை

மலையும் ஏரியும் வெந்நீர் ஊற்றும் கண்டு மகிழ்வதற்கென்றே புகையிரதம் ஏறும் வழக்கம் யப்பானியரிடையே நன்கு வேரூன்றியுள்ளது. தோக்கியோவுக்குத் தென்மேற்கே ஹக்கோனே என்னும் மலைப்பகுதியில் 1919 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாதை இதற்குத் தக்க சான்று. சரிவு மிகுந்த அம்மலையில் நேரே ஏற இயலாத வண்டி, மூன்று இடங்களில் நின்று, முன்னது பின்னாகத் திசை மாறி, படிப்படியாக மேலே செல்கிறது. வழியெங்கும் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி எழுந்த விடுதிகள். மலைக்கு அப்பால் எரிமலையின் செயலால் தோன்றிய ஓர் ஏரி. காட்சியே அங்கு பயணத்தின் நோக்கம்.

இலங்கையில் இதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்கது மலைநாட்டுப் பாதை. பட்டிப்பொலவில் 6,200 அடிக்கு மேல் ஏறி, தேயிலைச் சரிவுகளையும் அருவிகளையும் கடந்து, 1924 இல் பதுளையை அடைந்த அப்பாதையின் புகழ் உலகறிந்தது. அதனோடு ஒப்பிட்டால், வடமேற்கே மதவாச்சியிலிருந்து மன்னார்த் தீவின் முனை வரை செல்லும் பாதையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அங்கு மலையில்லை, சுரங்கவழி இல்லை, வளைவுகளும் மிகுதியில்லை. வறண்ட காடு, வயல், உவர்நிலம், கடல், மணல் என்று 106 கிலோமீற்றர் தூரம் தட்டையாகக் கிடக்கும் நிலம் அது. எனினும் இந்தப் பாதையில் காண வேண்டியவை குறைவு என்று எண்ணுவது பிழை. ஹக்கோனேப் பாதை காட்சிக்காக மக்களை அழைத்துச் சென்றது. மன்னார்ப் பாதையோ கடல் கடக்கும் மக்களுக்காகப் போடப்பட்டது. யன்னலுக்கு வெளியே தெரியும் ஒவ்வொரு நீரும் நிலமும் அந்தக் கதையின் ஒரு பகுதியைச் சொல்லும்.

பாதை பிறந்த காரணம்

கொழும்புக்கும் தென்னிந்தியாவுக்கும் இடையே முன்னர் நடைபெற்ற முக்கியமான போக்குவரத்து தூத்துக்குடி வழியாக அமைந்திருந்தது. சென்னையிலிருந்து புகையிரதத்தில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து நீராவிக் கப்பலில் கொழும்பை அடைவர். அது நெடிய கடற்பயணம். இந்தியக் கரையும் இலங்கைக் கரையும் மிக நெருங்கி நிற்கும் இடமோ தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட பகுதி. அங்கு இரு நிலங்களுக்கும் நடுவே மணற்றிட்டுகளின் வரிசை ஒன்று கிடக்கிறது. சேது என்றும் இராமர் அணை என்றும் ஆதாமின் பாலம் என்றும் பல பெயர்களால் வழங்குவது அதுவே. திட்டுகளைச் சூழ்ந்த கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் அதனூடே செல்ல இயலாது.

இத்திட்டுகளின்மீது புகையிரதப் பாலம் ஒன்றை அமைத்து இரு நாடுகளையும் இணைக்கலாம் என்ற யோசனை முன்னர் ஆராயப்பட்டது. அது நிறைவேறவில்லை. அதற்குப் பதிலாக, இரு கரைகளிலும் புகையிரதப் பாதையைக் கடல் விளிம்பு வரை கொண்டுவந்து, இடையிலுள்ள ஏறத்தாழ 22 மைல் கடலைக் கப்பலால் கடக்கும் திட்டம் உருவாயிற்று. இந்தியக் கரையில் இராமேசுவரத் தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கும் பாம்பன் பாலம் 1914 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. இலங்கைக் கரையில் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரையிலான பாதை அதே ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது. கர்சன், எல்கின், ஹார்டிஞ்சு என்னும் பெயர் தாங்கிய மூன்று நீராவிக் கப்பல்கள் இதற்கென ஸ்கொத்லாந்தில் கட்டப்பட்டன.

சென்னை எழும்பூரில் ஒரே சீட்டைப் பெற்றுக்கொண்டு கொழும்புக் கோட்டை வரை வரக்கூடிய வசதி இவ்வாறு கிடைத்தது. இதுவே 'போட் மெயில்' என்று இரு நாட்டு மக்களும் அழைத்த பயணம். ஆயினும் இந்தியக் கரையில் வந்தது மீற்றர் அகலப் பாதை. இலங்கையில் இருந்தது அதனினும் அகன்ற, ஐந்தரை அடிப் பாதை. ஆகவே கடலிற் பாலம் அமைந்திருந்தாலும் ஒரே வண்டி இரு நாடுகளிலும் ஓடியிராது.

நதியின் துணை

கொழும்பிலிருந்து வரும் பயணி பொல்காவலையில் வடக்குப் பாதையில் திரும்பி, குருநாகல், மாகோ, அநுராதபுரம் ஆகியவற்றைக் கடந்து மதவாச்சியை அடைகிறார். அநுராதபுரத்தை அணைத்தோடும் நதிக்கு அங்கு மல்வத்து ஓயா என்று பெயர். அந்நதியும் வடமேற்கு நோக்கியே செல்கிறது. மன்னார்ப் பகுதியை அடையும்போது தமிழ் மக்கள் அதனை அருவி ஆறு என்பர். ஆற்றின் போக்கும் புகையிரதத்தின் போக்கும் ஏறக்குறைய ஒரே திசையிலமைந்தவை. அரிப்புக்கு அருகே ஆறு கடலோடு கலக்கிறது. புகையிரதம் அதற்கு வடக்கே கடலைத் தாண்டித் தீவினுள் நுழைகிறது.

மதவாச்சியை விட்டு நேரியகுளம், செட்டிகுளம் என்று செல்லும் வழியில் காடும் சிறு குளங்களும் மாறிமாறி வருகின்றன. ஊர்ப் பெயர்களிலேயே குளம் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தல் வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று சில மாதங்களுக்கு மட்டுமே மழை தரும் வறண்ட வலயம் இது. மழைநீரைத் தேக்கி வைத்தாலன்றி இங்கு பயிருமில்லை, குடியுமில்லை. குளம் தோண்டியவன் முதலில் வந்தான்; ஊர் அதன் பின் வந்தது.

அடுத்து வருவது மடு வீதி நிலையம். காட்டினுள்ளே அமைந்த மடு மாதா திருத்தலத்துக்குச் செல்வோர் இறங்கும் இடம் இது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கர் துன்புறுத்தப்பட்ட காலத்தில் மாந்தையிலிருந்து கொண்டுவரப்பட்ட மாதாவின் திருவுருவம் காட்டில் அடைக்கலம் பெற்றது என்பது அத்தலத்தின் வரலாறு. தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரும் அல்லாதாரும் அங்கு கூடுவர். ஆகஸ்ட் மாதத் திருவிழாவே மிகப் பெரியது. திருவுருவம் அடைக்கலம் பெற்ற அதே காட்டில், உள்நாட்டுப் போரின்போது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடைக்கலம் புகுந்து வாழ்ந்தன.

மடுவைத் தாண்டியதும் காடு விலகி, வயல்வெளி விரிகிறது. முருங்கன் பகுதி மன்னார் மாவட்டத்தின் நெற்களஞ்சியம். இந்த வளத்துக்குக் காரணம் பாதைக்கு வடக்கே கிடக்கும் கட்டுக்கரைக் குளம். ஆங்கிலேயர் இதனை இராட்சதரின் குளம் என்ற பொருள்படப் பெயரிட்டனர். பழங்கால மன்னர் காலத்திற் கட்டப்பட்டுப் பின் பாழடைந்திருந்த குளத்தைப் பிரித்தானியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருத்தினர். அருவி ஆற்றின் குறுக்கே தேக்கம் என்னுமிடத்தில் அமைந்த அணையிலிருந்து வாய்க்கால் வழியே நீர் இக்குளத்துக்கு வருகிறது. குளத்தின் முழுப் பரப்பும் வண்டியிலிருந்து தெரியாவிடினும், அதன் நீரால் பசுமை பெற்ற வயல்கள் யன்னலோரத்தில் அதனைச் சொல்லிக்கொண்டே வரும். அநுராதபுரத்திற் கண்ட அதே ஆற்றுநீர்தான் இவ்வயல்களிலும் நிற்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இடைப்பட்ட நாடு முழுவதும் ஒரே நீர்க்கோவையால் கட்டப்பட்டிருப்பது புலனாகும்.

முருங்கன் மண்ணுக்கு இன்னொரு சிறப்புமுண்டு. 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு வேண்டிய களிமண் இங்கிருந்து புகையிரதத்திற் சென்றது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லும் மன்னாரின் களியும் சேர்ந்து நாட்டின் வீடுகளுக்குச் சீமெந்தாயின.

துறைமுகம் இருந்த இடம்

முருங்கனுக்கு அப்பால் மாதோட்டம், திருக்கேதீச்சரம் என்னும் இரு நிலையங்கள் வருகின்றன. இறங்குவோர் சிலரேயாயினும், தீவின் வரலாற்றில் இவ்விடத்துக்கு ஈடானவை மிகச் சில. மாந்தை என்றும் மாதோட்டம் என்றும் பெயர் பெற்ற பெருந்துறைமுகம் இங்கேதான் இருந்தது. பெருங்கப்பல்கள் சேதுத் திட்டுகளைக் கடக்க இயலாமையால், மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த வணிகர் பொருள் மாற்றிக்கொள்ளும் சந்தியாக இத்துறை வளர்ந்தது. 1980 முதல் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கானும் மேற்காசியப் பாண்டங்களும் மணிகளும் கிடைத்தமை இதனை உறுதிப்படுத்துகிறது. கப்பலுக்குத் தடையாயிருந்த ஆழமற்ற கடலே துறைமுகத்துக்குத் தாயாகவும் விளங்கிற்று.

இத்துறையின் அருகே பாலாவித் தீர்த்தக்கரையில் எழுந்த திருக்கேதீச்சரம், திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். ஈழத்திற் பாடல்பெற்றவை இரண்டே. மற்றையது திருகோணமலைக் கோணேச்சரம். போர்த்துக்கேயர் காலத்தில் இடிபட்ட திருக்கேதீச்சரம் பின்னர் மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது.

கடலினூடே மூன்று கிலோமீற்றர்

திருக்கேதீச்சரத்தைத் தாண்டியதும் மரங்கள் குறைகின்றன, மண் வெளுக்கிறது, உப்புப் படிந்த தரவைகள் இருபுறமும் தோன்றுகின்றன. பின்னர், ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தூரம், ஆழமற்ற கடலினூடே போடப்பட்ட அணைமீதும் பாலத்தின்மீதும் வண்டி செல்கிறது. இப்பயணத்தின் தலையாய காட்சி இதுவே. ஒரு புறம் பாக்கு நீரிணையின் பக்கம். மறுபுறம் மன்னார் வளைகுடாவின் பக்கம். குளிர்காலத்தில் வட ஆசியாவிலிருந்து வரும் பறவைகளுக்கு இந்நீர்ப்பரப்புகள் புகலிடம். தெற்கேயுள்ள வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் உடன்படிக்கையின்கீழ் அறிவிக்கப்பட்டது. சேற்றில் உணவு தேடி நிற்கும் பூநாரைக் கூட்டத்தைக் காணும் பேறு, பருவமறிந்து வருவோருக்கு வாய்க்கும்.

பாதையருகே வாகனங்கள் செல்லும் புதிய பாலமும் அணையும் 2010 இல் திறக்கப்பட்டவை. போரில் அழிந்த பழைய பாலத்துக்குப் பதிலாக அமைந்த இவற்றுக்குப் பொருளுதவி செய்தது யப்பான். மலைகளிடையே பாதையமைத்துப் பழகிய நாடு, கடலிடையே ஒரு பாதைக்கும் கைகொடுத்தது.

அணையின் முடிவில் மன்னார்க் கோட்டை நிற்கிறது. 1560 இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. 1795 இல் பிரித்தானியர் வசமானது. நகரின் பள்ளிமுனையில் பருத்த அடிமரமுடைய பெருக்கமரம் ஒன்று உண்டு. ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பர். அதன் சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர். பனை வளரும் மண்ணில் ஆபிரிக்க மரம் நிற்பது, இக்கரைக்கு யார் யார் வந்து சென்றனர் என்பதற்கு உயிருள்ள சாட்சி.

தீவினுள் பாதை வடமேற்காக நீள்கிறது. தோட்டவெளியைக் கடந்தால் மீனவர் ஊரான பேசாலை. பனங்கூடல், மணல், காய்கின்ற கருவாடு, திரியும் கழுதைகள் ஆகியவை இத்தீவுக்கே உரிய காட்சிகள். தென்கரையில் 2020 இல் நிறுவப்பட்ட 30 காற்றாலைகளும் இப்போது இக்காட்சியிற் சேர்ந்துள்ளன. காற்று மிகுந்த கரையே பறவைகளின் வழியுமாகையால், மின்சாரத்தின் தேவையையும் பறவையின் வழியையும் எவ்வாறு ஒருங்கே காப்பது என்ற வினா இங்கு எழுந்துள்ளது.

இவ்வழியே சென்றோர்

தலைமன்னார் இறங்குதுறையில் பாதை முடிகிறது. அப்பால் கடல். இவ்விடத்தின் பொருளை உணர வேண்டுமாயின், இவ்வழியே சென்றவர் யாவர் என்று அறிதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் தேடியபோது, தமிழகத்தின் வறிய மக்கள் தோணிகளில் இக்கரையை அடைந்தனர். புகையிரதம் இல்லாத காலம் அது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியைக் கால்நடையாகவே கடந்தனர். நீரின்மையாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டவர் மிகப் பலர். இன்று பயணி சில மணி நேரத்திற் கடக்கும் வறண்ட காடு, அவர்களுக்குப் பல நாட் சோதனையாக இருந்தது. 1914 க்குப் பின் மண்டபம் முகாமில் நோய்ச்சோதனைக்காகத் தங்கவைக்கப்பட்டு, கப்பலேறி, இப்பாதையின் வண்டிகளில் மலைநாட்டுக்குச் சென்றனர். நடைப்பயணத்தின் கொடுமையை இருப்புப்பாதை நீக்கியது.

அதே பாதை பிற்காலத்தில் எதிர்த்திசையிலும் பயன்பட்டது. 1964 ஒக்டோபரில் ஏற்பட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவதென்றும் 3,00,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறுவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டோரிற் பலர் இலங்கையிலேயே பிறந்து, இந்தியாவைக் கண்டறியாதவர். மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிவந்த வண்டியை மலையக மக்கள் 'அழுகைக் கோச்சி' என்று அழைத்தனர். ஏறியவரும் அழுதனர், வழியனுப்பியவரும் அழுதனர்.

ஒப்பந்தம் எழுதப்பட்ட இரு மாதங்களுக்குள் கடலும் சீறியது. 1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு வீசிய சூறாவளியில் தனுஷ்கோடி நகர் அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி ஒன்றைக் கடல் கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் இந்தியக் கரையில் கப்பல் இராமேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. 'இராமானுஜம்' என்னும் கப்பல் ஓடிக்கொண்டிருந்த அச்சேவையும் போர்ச்சூழலினால் 1984 இல் நின்றது. போக வேண்டியவரென்று குறிக்கப்பட்டும் போகாது எஞ்சியவருக்கு, 1988 இலும் 2003 இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் இலங்கைக் குடியுரிமையை வழங்கின.

1990 இல் புகையிரதமும் நின்றது. தண்டவாளங்களும் நிலையங்களும் அழிந்தன. காடு பாதையை மூடியது. அவ்வாண்டு ஒக்டோபரில் மன்னாரின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். தமிழ்க் குடும்பங்கள் பல, இரவில் சிறு படகுகளில் சேதுத் திட்டுகளை நோக்கிச் சென்றன. ஒருகாலத்தில் தோட்டத் தொழிலாளர் தங்கிய மண்டபம் முகாமே இவர்களுக்கு அகதி முகாமாயிற்று. கப்பல் நின்ற பின்னும் கடலைக் கடக்கும் தேவை நிற்கவில்லை. பாதுகாப்பான வழி ஒன்றே இல்லாமற் போயிற்று.

மீண்டும் எழுந்த பாதை

போர் முடிந்த பின்னர், இந்திய அரசின் கடனுதவியோடு இப்பாதை புதிதாக அமைக்கப்பட்டது. மதவாச்சியிலிருந்து மடு வரையிலான 43 கிலோமீற்றர் 2013 இலும், அங்கிருந்து தலைமன்னார் வரையிலான 63 கிலோமீற்றர் 2015 மார்ச்சு 14 ஆம் நாளிலும் திறக்கப்பட்டன. கால் நூற்றாண்டுக்குப் பின் வண்டியின் ஒலி தீவில் மீண்டும் கேட்டது. எதிர்க்கரையில், இரும்பை விரைந்து அரிக்கும் உப்புக்காற்றால் பழுதுற்ற பழைய பாம்பன் பாலம் 2022 இல் மூடப்பட்டு, செங்குத்தாக உயரும் நடுப்பகுதியைக் கொண்ட புதிய பாலம் 2025 ஏப்பிரலில் திறக்கப்பட்டது.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. இராமேசுவரத்துப் பாதை 2007 இல் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. ஆகவே அன்று வேறுபட்டிருந்த இரு கரைத் தண்டவாளங்களும் இன்று ஒரே அளவின. ஆனால் அன்றிருந்த கப்பல் இன்றில்லை. சேவையை மீண்டும் தொடங்குவது பற்றிப் பல முறை பேசப்பட்டும், இறங்குதுறை தன் பழைய தொழிலை இன்னும் பெறவில்லை.

காட்சிக்காக மட்டும் ஒரு பாதை நெடுநாள் வாழ்வதரிது. ஹக்கோனேயிற் கூட, விடுதிகளும் ஊர்களும் மாணவரும் தொழிலாளரும் வண்டியை நிரப்புவதாலேயே அது ஓடுகிறது. மன்னார்ப் பாதைக்கும் இதுவே விதி. பேசாலையின் மீனும் முருங்கனின் நெல்லும் அதில் ஏற வேண்டும். மடுவின் யாத்திரிகரும் திருக்கேதீச்சரத்தின் அடியாரும், நகரத்து வைத்தியசாலைக்குச் செல்லும் முதியவரும் அதனைத் தமதாகக் கொள்ள வேண்டும். அவர்களோடு சேர்ந்து உல்லாசப் பயணியும் வருவாராயின் நன்று.

அவ்வாறு வருபவர் பகலில் வருதல் வேண்டும். முன்னாளில் போட் மெயிலில் வந்தோர் இப்பகுதியை இரவிலேயே கடந்தமையால் இதன் அழகை அறியாதே போயினர். மழைக்காலம் முடிந்து, குளங்கள் நிறைந்து, பறவைகள் தங்கியிருக்கும் தை, மாசி மாதங்களே ஏற்றவை. தலைமன்னார் இறங்குதுறையில் இறங்கி, பழைய வெளிச்சவீட்டின் அருகே நின்று மேற்கே நோக்குவோருக்கு முதல் மணற்றிட்டுகளும் அவற்றைச் சூழ்ந்த இளநீலக் கடலும் தோன்றும். அத்திசையில் தமிழகம் கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அண்மையில் இருக்கிறது. பிழைப்புக்காக வந்தவரும், அழுதுகொண்டு சென்றவரும், உயிர் காக்க ஓடியவரும் கடந்த நீர் அது. அதனை அறிந்து பார்க்கும் கண்ணுக்கு, மலையில்லாத இந்நாடும் உயர்ந்தே தோன்றும்.